கோட்டிற்கு வெளியே

நுழையும்முன்

ஆடுகளத்தில் இருபத்திருவர் ஆடுகின்றனர். கோட்டிற்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் நிற்கின்றனர். வென்றவரையும் தோற்றவரையும் பற்றி ஏடுகள் எழுதுகின்றன. வெளியே நின்றவரைப் பற்றி எழுதுவார் அரியர். கல்லூரிகளுக்கிடையிலான வளைகோல் பந்தாட்டப் போட்டி ஒன்றினைக் காணச் சென்ற மாணவன் ஒருவனின் நினைவாக இக்கட்டுரை அமைகிறது.

இரு சாரார்

ஆட்டம் காண்பவரின் மனத்தைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்துவிட்டது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து நின்ற அந்தப் பிடியை அவர் விளக்கும் முறையைப் பார்த்தால், களத்தின் மிக அருகில் நின்று கண்டவராகவே தோன்றுகிறார். கிள்ளியின் தந்தை தித்தன் இதனைக் காண வேண்டும் என்றும் விரும்புகிறார்.

அதே கிள்ளியை நக்கண்ணையார் வேறொரு கண்ணால் காண்கிறார். அவன் இவ்வூரினன் அல்லன், இந்நாட்டினனும் அல்லன். இன்றைய வழக்கில் சொல்வதானால் அவன் வெளியூர் ஆட்டக்காரன். ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. வெற்றி அவனுக்கே என்கின்றனர் ஒரு சாரார். அன்று என்கின்றனர் மற்றொரு சாரார். நக்கண்ணையார் சிலம்பு ஒலிக்க விரைந்து வந்து, பனைமரம் ஒன்றில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் காண்கிறார். அப்பாடலில் வெற்றியைக் குறிக்கும் சொல் 'ஆடு' என்பதாகும்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குப் பனைமரத்தில் சாய்ந்து நின்ற அப்புலவரோடு, வேப்பமரம் ஒன்றில் சாய்ந்து நின்ற இளைஞன் ஒருவனும் நினைவுக்கு வருவான். அவன் நான்தான்.

மண்தரையில் ஓர் அரையிறுதி

1988ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். அக்காலத்தில் தென்மாவட்டக் கல்லூரிகள் பலவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் தோன்றியது. கல்லூரிகளுக்கிடையிலான வளைகோல் பந்தாட்டப் போட்டியின் அரையிறுதி பாளையங்கோட்டையில் நடைபெற்றது. எங்கள் அணி அரையிறுதிக்கு வந்ததே எங்களுக்கு வியப்பு. விடுதி மாணவர்கள் நாற்பது பேர் பணம் திரட்டி, அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே சென்றோம்.

எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வழியனுப்பும்போது, "கோல்கொண்டு கோல் போடும் ஆட்டம் அது, போய்ப் பார்த்து வாருங்கள்" என்று சிலேடையாகக் கூறினார். உண்மையில் எங்களில் பலருக்கு ஆட்டத்தின் விதிகள் தெரியா. எனக்கும் பாதிதான் தெரியும். அப்பாதியும் என் அறைத்தோழன் சொல்லித் தந்தது. அவன்தான் எங்கள் அணியின் இலக்குக் காவலன்.

வளைகோலின் இடப்பக்கம் தட்டையாகவும் வலப்பக்கம் உருண்டையாகவும் இருக்கும். தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடக்கைப் பழக்கமுடையவருக்கெனத் தனிக்கோல் கிடையாது. இடப்புறம் வரும் பந்தை ஆடக் கோலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இதனை அவன் எனக்கு விளக்கியது விடுதி மொட்டைமாடியில், துடைப்பக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு. அவனிடம் சொந்தமாகக் கோல் ஒன்று இருந்தது, முசுக்கட்டை மரத்தாலானது. முந்தைய ஆண்டு பயின்று சென்ற அண்ணன் ஒருவர் விட்டுச் சென்றது. அதன் தலைப்பகுதியில் விரிசல் இருந்ததால் துணிநாடா சுற்றியிருந்தான். கால்காப்பு கல்லூரிக்குச் சொந்தமானது; உள்ளே திணித்த பஞ்சு ஓரங்களில் எட்டிப் பார்க்கும். தலைக்கவசம் இல்லை.

தெரிந்து தெளிவோம்

வளைகோல் பந்தாட்டக் களத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். இலக்கின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். இலக்கின் முன்னுள்ள வட்டத்தின் ஆரம் 14.63 மீட்டர். தாக்குபவரின் கோல் இவ்வட்டத்திற்குள் பந்தைத் தொட்டிருந்தால் மட்டுமே அது கோலாகும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. முற்காலத்தில் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்பட்ட ஆட்டம், இன்று 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது.

பாளையங்கோட்டையில் நாங்கள் கண்ட களம் மண்தரை. ஒரு வாரத்திற்கு முன் பெய்த மழையில் அது சேறாகியிருக்க வேண்டும். சேற்றில் யாரோ நடந்திருந்தனர். பின்னர் வெயில் அடித்துக் குதிகால் தடங்கள் அப்படியே இறுகிவிட்டன. காலையில் உருளை இழுத்தும் அவை முழுமையாக அழியவில்லை. வட இலக்கின் வட்டத்தருகே அத்தடங்கள் மிகுதி. ஆட்டத்திற்கு முன்பு என் தோழன் அங்குக் குனிந்து, காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். இதனை இங்குக் குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு.

முதற்பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. நாற்பது பேரும் நானூறு பேராக மாறினோம். தகரப் பெட்டி ஒன்றினைத் தட்டினோம். முன்பின் அறியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் எதிரணியின் ஊர்க்காரர் என்பது பின்னர்தான் தெரிந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்தார். உவகை, வெகுளி, அச்சம், மருட்கை என அவற்றுள் பலவற்றை அந்த எழுபது நிமிடங்களில் என் உடம்பிலேயே கண்டேன். எதிரணி பந்தை எங்கள் வட்டத்திற்குள் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் வேப்பமரத்தின் பட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியின் நடுவில் எதிரணி சமன் செய்தது. அணிகள் இடம் மாறியிருந்தமையால் இப்போது எங்கள் காவலன் வட இலக்கில் நின்றான். நானும் அவனுக்குப் பின்னால், இருபது அடித் தொலைவில் இருந்த மரத்தடியில்தான் நின்றேன்.

பனங்கட்டை

ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடங்களே இருந்தன. எதிரணியின் வலப்புற ஆட்டக்காரர் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஓர் அடி அடித்தார். வலுவான அடி என்று சொல்ல முடியாது. தரையோடு தரையாக வந்தது. என் தோழன் கால்களைச் சேர்த்து, சரியான இடத்தில்தான் நின்றான். அவனுக்கு இரண்டு முழம் முன்னால், இறுகிய குதிகால் தடம் ஒன்றில் பட்டுப் பந்து எகிறியது. காலுக்கு வரவேண்டியது இடுப்புக்கு மேல் வந்தது. கையை நீட்டினான், விரல்நுனியில் பட்டு உள்ளே விழுந்தது.

பந்து எகிறியதை நான் தெளிவாகக் கண்டேன். அந்தக் கூட்டத்தில் என்னைவிட அருகில் நின்று கண்டவர் எவருமில்லை. கண்டும் நான் கூவினேன்.

"ஏலே, ஒனக்குப் பதிலா அங்க ஒரு பனங்கட்டைய நட்டிருக்கலாம்லே!"

கூட்டம் சிரித்தது. எங்கள் கல்லூரி மாணவர்களும் சிரித்தனர்; எதிரணியினரும் சிரித்தனர். அதுவரை தொண்டை கிழியக் கத்தியும் என்னைத் திரும்பிப் பாராதவர்கள் அப்போது திரும்பிப் பார்த்தனர். அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த சில நிமிடங்களில் 'பனங்கட்டை' என்னும் சொல் கூட்டம் முழுவதும் பரவிவிட்டது. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் அதனைச் சொன்னார். இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றோம்.

திரும்பும் பேருந்தில் அணியினருக்கு இடம் கிடைத்தது. அவன் பக்கத்து இருக்கையை எனக்கென்று பிடித்து வைத்திருந்தான். நான் அமர்ந்தேன். கயத்தாறு தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவன் சன்னலைப் பார்த்தவாறே சொன்னான்:

"பனங்கட்டைன்னு சொன்னது நீதான?"

நான் மறுமொழி கூறவில்லை.

"ஒரே ரூம்ல ரெண்டு வருசமா கெடக்கோம். ஒன் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவ்வளவே. பந்து எகிறியதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும், அதைக் கண்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். படிப்பு முடியும்வரை அவனோடு ஒரே அறையில்தான் இருந்தேன். ஒரே தட்டில் உண்டோம். ஆயினும் அச்சொற்றொடரை மட்டும் என்னால் சொல்ல இயலவில்லை.

தரை மாறியது

மண்தரையில் ஆடி வளர்ந்தவர்கள் நம் நாட்டினர். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கங்களை இந்திய அணி வென்றது புல்தரையிலும் மண்தரையிலும் பெற்ற பயிற்சியால். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத்தளத்தில் ஆட்டங்கள் நடைபெற்றன. இந்தியா ஏழாம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்ற அணிக்குத் தலைமை ஏற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அதன்பின் அடுத்த பதக்கத்திற்கு 41 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. செயற்கைத்தளத்தில் பந்து எகிறாது. எங்கு அனுப்பினோமோ அங்குச் செல்லும். அதற்கேற்ப வேகமும் உடல்திறனும் வேண்டும். கல்லூரிகள் பலவற்றுக்கு அத்தகைய தளம் எட்டாக்கனியாகவே நெடுங்காலம் இருந்தது. நல்ல ஆட்டக்காரர் பலர் மண்தரையோடு நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கோவில்பட்டியின் நிலை சற்று வேறு. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அக்கரிசல் நகரில் வளைகோல் பந்தாட்டம் தலைமுறைகளாக வேரூன்றியுள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்ச் சிறுவர்களும் விடியற்காலையில் கோலும் கையுமாக வருவர். இலட்சுமி அம்மாள் நினைவு அனைத்திந்தியப் போட்டி அங்குதான் நடைபெற்று வருகிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீசுவரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகியோர் அம்மண்ணில் பயிற்சி பெற்றவர்கள். இப்போது அங்குச் செயற்கைத்தளம் உள்ளது. ஆட்டத்திற்கு முன் தளத்தை நீர் தெளித்து நனைக்கின்றனர். குடங்களை வரிசையில் வைத்துக் குடிநீருக்குக் காத்திருந்த ஊரில் அக்காட்சியைக் காணும்போது மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

மீண்டும் ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி அணிகள் ஆடிய போட்டி ஒன்றினைக் காண என் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பன்னிருவரைக் கோவில்பட்டிக்கு அழைத்துச் சென்றேன். என் பழைய அறைத்தோழன் அவ்வூரில்தான் இருக்கிறான். பணிநேரம் போக, காலையில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறான். எங்களை வாயிலிலேயே எதிர்கொண்டான். தலை நரைத்திருந்தது, இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் முன்போலவே வளைந்திருந்தது.

மாணவர்கள் நடுக்கோட்டருகே, நிழலில் அமர விரும்பினர். அவன் அவர்களை இலக்கின் பின்புறம் அழைத்துச் சென்றான். "இங்க நின்னு பாத்தாத்தான் ஆட்டம் முன்னால வரும், அங்க ஒக்காந்தா குறுக்கதான் ஓடும்" என்றான். உண்மைதான். பெனால்டி கார்னர் அடிக்கப்படும்போது, காவலரும் தடுப்பாட்டக்காரர் நால்வரும் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடுவதை நேருக்கு நேர் கண்ட மாணவர்கள் வாயடைத்து நின்றனர்.

இரண்டாம் பகுதியில் எங்கள் முன்னே நின்ற இளங்காவலர் ஒரு பந்தைத் தவறவிட்டார். கால்களுக்கிடையில் நுழைந்து சென்றுவிட்டது. இம்முறை தரையின்மேல் குறைகூற வழியில்லை. என் மாணவன் ஒருவன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். என் தோழன் அவன் தோளில் கை வைத்தான்.

"தம்பி, கோலி நிக்கிறவனுக்கு ஆட்டத்துல முக்காவாசி நேரம் வேலையே கெடையாது. காது மட்டும் முழுசா வேலை செய்யும். பின்னால யாரு இருமுனாலும் கேக்கும்."

மாணவன் என்னைப் பார்த்தான். நான் களத்தைப் பார்த்தேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதி நொடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலத்தைக் காத்த ஸ்ரீஜேஷைப் பற்றி மற்றொரு மாணவன் கேட்க, பேச்சு அங்குத் திரும்பியது. பார்வையாளரே இல்லாத அரங்கில் நடந்த ஆட்டம் அது. "அங்க பின்னால யாரும் இல்ல. எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாப்பேன்" என்றான் தோழன்.

சிறிது நேரம் கழித்து மாணவர்கள் நீர் அருந்தச் சென்றனர். நாங்கள் இருவர் மட்டும் வேலியில் சாய்ந்து நின்றோம்.

"என்னடே, இன்னைக்கு ஒன் சத்தத்தையே காணோம்?" என்றான்.

"அன்னைக்குப் பந்து எகிறுனத நான் பாத்தேன்" என்றேன்.

அவன் திரும்பாமல் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணியினர் வலப்புறமாகப் பந்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தனர். இளங்காவலர் இரண்டு அடி முன்னே வந்து கால்களைச் சேர்த்து நின்றார்.

"தெரியும்" என்றான். "நீ அந்த வேப்பமரத்துக்கிட்டதான நின்ன."

பந்து வட்டத்திற்குள் வந்தது. இருவரும் வேலிக்கம்பியை இறுகப் பற்றிக்கொண்டோம்.