அந்தச் சிவப்புக்கு என்ன ஆதாரம்?

அன்புள்ள தம்பிக்கு,

வரலாற்று வீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டிப் போட்டிக்கு அனுப்ப நினைக்கிறாய். எந்தத் தூரிகை, எந்தப் பெயின்ட் என்பது உன் கேள்வி. அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: இன்ன நிறம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? கற்பனைப் பூதத்துக்குப் பச்சை அடித்தால் ஏனென்று யாரும் கேட்கப்போவதில்லை. வரலாற்றுப் பிரிவில் வைக்கும் உருவமோ, ஒவ்வொரு பொத்தானாலும் "இப்படித்தான் இருந்தது" என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சிக்கு ஆதாரம் தேடுவதே போட்டி வேலையில் முதல் பாதி என்பது என் கட்சி.

வேலூரை எடுத்துக்கொள். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரர்களின் வட்டத் தொப்பியின் சாயல் அதில் இருந்தது. தோலால் செய்த குஞ்சமும் உண்டு. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் வந்தன. 1806 மே மாதம் வேலூரில் இருந்த ஒரு பட்டாளம் அந்தத் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தது போன்ற வேறு காரணங்களையும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் உடுப்பைத் தள்ளிவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. 54 மில்லிமீட்டர் சிப்பாய் உருவத்தில் அந்தத் தலைப்பாகை சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் வரும். அதைத் தப்பாகத் தீட்டினால், அவன் எதை எதிர்த்தானோ அதையே அவன் தலையில் கட்டிவிட்டவன் ஆவாய்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? சார்லஸ் கோல்டு என்ற பீரங்கிப்படை அதிகாரி 1791 முதல் 1798 வரை இந்தப் பக்கத்தில் வரைந்த படங்கள் 1806-இல் லண்டனில் நூலாயின. தஞ்சை ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காகச் சிப்பாயையும் மனைவியையும் ஜோடியாக நிறுத்தி வரைந்தவை இருக்கின்றன. இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. அந்தக் கால அச்சுப்படங்களுக்குக் கையால்தான் வண்ணம் பூசினார்கள்; ஒரே நூலின் இரு பிரதிகளில் ஒரே கோட்டு இருவேறு சிவப்பாக இருக்கலாம். சாயமும் வெளிறும், தாளும் பழுக்கும். ஆகவே ஒரு படத்தை இன்னொன்றோடும், இரண்டையும் எழுத்தில் உள்ள உத்தரவோடும் ஒப்பிடு. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளையும் ஆயுதங்களையும் நேரிலேயே பார்க்கலாம். தமிழில் அச்சான பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் நீ தரமணியைத் தாண்டவே வேண்டாம்: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சி நூலகம் உன் ஊரில்தான் இருக்கிறது.

"சோழ வீரனைத் தீட்ட நினைத்தால்? அவனுக்குச் சீருடை உத்தரவு ஏது?" என்பாய். நியாயம்தான். கல்லில் நிறம் இல்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். குதிரைமேல் சேரமான் பெருமாளும், தேரில் நின்று போரிடும் திரிபுராந்தகரும் அங்கே வண்ணத்திலேயே இருக்கிறார்கள். மேலே இருந்தது எந்தக் காலம், அடியில் இருப்பது எந்தக் காலம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆடை, அணி, ஆயுதம் மூன்றுக்கும் வழி பிறக்கும். மிஞ்சும் இடைவெளியை ஊகத்தால் நிரப்பு. ஊகம் என்று குறிப்பில் எழுதி வை. சினிமா உடையும் தொடர்கதைச் சித்திரமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை ஆதாரமென்று காட்டாதே.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது: நடுவர் பார்ப்பது தூரிகை வேலையைத்தானே? ஆமாம். கண்கள் கோணலாக இருந்தால் எந்த ஆவணமும் உன்னைக் காப்பாற்றாது. அதோடு, ஆதாரத்தில் உள்ள சிவப்பை அப்படியே பூசினால் அவ்வளவு சிறிய உருவில் அது கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளுக்கத்தான் வேண்டும். விழாத நிழலையும் வரைந்தே ஆகவேண்டும். இதெல்லாம் பொய் இல்லையா என்று கேட்டால், இல்லை என்பேன். எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிந்து விலகுவது கலை. தெரியாமல் விலகுவது பிழை. பிரிட்டிஷ் படைகளில் சாதாரண வீரனின் கோட்டுக்கு வேர்ச்சாயம், அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சிச் சாயம். முன்னது செங்கல் பக்கம் மங்கும், பின்னது பளீரென்று எரியும். இது தெரிந்தவன் இருவரையும் ஒரே டப்பாவிலிருந்து தீட்டமாட்டான். மேடுகளுக்கு வெள்ளை கலந்தால் கோட்டு ரோஜா நிறமாகிவிடும் என்று ஆரஞ்சைச் சேர்ப்பான். மடிப்புகளுக்குப் பழுப்பைச் சேர்ப்பான். அவன் தேடிய ஆதாரம் தூரிகைக்கும் உதவிவிட்டது, பார்.

வெளிநாட்டுச் சிற்றுருவக் கண்காட்சிகள் பலவற்றில் ஒருவர் வேலையை இன்னொருவர் வேலையோடு மோதவிடுவதில்லை. ஒரு தரத்தை வைத்து அளக்கிறார்கள். அதை எட்டிய எல்லோருக்கும் பதக்கம் உண்டு. ஆகவே பக்கத்து மேசையைப் பார்த்துப் பதற வேண்டாம். மதராஸ் படையின் உடுப்பை அங்குள்ள நடுவர் அறிந்திருக்காமலும் போகலாம் என்பதால், உன் ஆதாரங்களை ஒரு சிறு அட்டையில் எழுதி உருவத்தின் அருகே வை.

வேலூர்ச் சிப்பாயையே நீ தேர்ந்தெடுத்தால் ஒரு வேண்டுகோள். மே மாதம் மறுத்தவர்களில் ஒருவனைத் தீட்டு. அவன் தலையில் பழைய தலைப்பாகையே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்