அந்த 15 இலக்க எண்ணை எழுதி வெச்சாச்சா?

போன் தொலைந்தால் போவது போன் மட்டும் இல்லை. வங்கிக்கான ஓடிபியும் அந்த சிம்முக்குத்தானே வருது! அதனால் இன்றே ஒரு சின்ன வேலை செய்யுங்க.

போனில் *#06# என்று அழுத்துங்க. திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் இருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதி வைங்க. போனிலேயே சேமித்தால், போனோடு அதுவும் போய்விடும்.

போன் தொலைந்துவிட்டால் பதறாமல் இந்த வரிசையில் செய்யுங்க:

1. வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து, சிம்மை முடக்கச் சொல்லுங்க.

2. வங்கியை அழைத்து யுபிஐ, நெட் பேங்கிங் சேவைகளை நிறுத்துங்க. பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்க.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நகல் வாங்கிக்கோங்க.

4. அதே எண்ணில் புது சிம் வாங்குங்க. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் நகலையும் ஐஎம்இஐ எண்ணையும் கொடுத்து போனை முடக்குங்க. அப்புறம் எந்த சிம் போட்டாலும் நம் நாட்டு நெட்வொர்க்கில் அது வேலை செய்யாது.

அப்போது கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமா வைங்க. போன் திரும்பக் கிடைத்தால், முடக்கத்தை நீக்க அதுதான் தேவை.