கேஸ் பணம் யாருக்கு?



சென்ற மாதம் ஆனையூரில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்ததும் ஓர் உறுப்பினர் கண் கலங்கிப் பேசினார். அவர் வீட்டுக்காரர் மீது லாரி மோதி கால் முறிந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் பில் பாக்கி. "கேஸ் பணம் வந்தா முழுசும் எங்களுக்குத்தான்னு பத்திரத்துல கையெழுத்துக் கேக்குறாங்க மேடம். போட்டாத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம். போடவா?" என்றார். குழுவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நாளைக்கு நமக்கும் வரலாம் என்பதால் இதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மருத்துவமனைக்கு அந்த உரிமை உண்டா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில், விபத்து இழப்பீட்டில் மருத்துவமனை தன் பாக்கியை முதலில் பிடித்துக்கொள்ள சட்டமே இருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி இல்லை. இழப்பீடு அடிபட்டவருக்கு உரியது. வழக்குப் போடும் உரிமையை மட்டும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதும் செல்லாது என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 6-வது பிரிவு.

அப்போ பாக்கி கட்ட வேண்டாமா?

கட்டத்தான் வேண்டும். கடன் கடன்தான். அதை வசூலிக்க மருத்துவமனை சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

• வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத புரோநோட்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.
• பாக்கியைத் தவணையில் கட்ட எழுத்து மூலம் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள்.
• எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பில் இருந்தால்தான் மருத்துவச் செலவு கிடைக்கும்.
• விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள்.
• அடிபட்டவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். இழப்பீட்டை நேரடியாக அவர் கணக்கிலேயே செலுத்தும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியுள்ளது.
• சேர்க்கும்போதே 'நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டா என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது இது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது.

வக்கீலுக்குப் பணம்?

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி: 15100.

அந்தச் சகோதரி பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. குழுத் தலைவியும் நானும் கூடப் போனோம். மாதத் தவணைக்கு எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே வீட்டுக்காரரை அழைத்து வந்துவிட்டார்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் யாராவது படிக்காமல் கையெழுத்துப் போட்டதுண்டா? அடுத்த தடவை யாரைத் துணைக்கு அழைப்போம்?