ஸ்டுடியோ வெளிச்சமும் ஆன்லைன் பாடமும்

நம்பிக்கை: செலவழித்து ஸ்டுடியோவில் எடுத்தால்தான் மாணவர் உட்கார்ந்து பார்ப்பார்.

உண்மை: 2014-இல் பிலிப் குவோவும் இரு சக ஆய்வாளர்களும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு படிப்புகளை எடுத்துக்கொண்டு, வீடியோக்கள் பார்க்கப்பட்ட 69 லட்சம் தடவைகளை அலசினார்கள். மேசையருகே உட்கார்ந்து இயல்பாகப் பேசிய ஆசிரியர், பெரும் செலவில் எடுத்த ஸ்டுடியோ பதிவை முந்தினார். கையால் எழுதிக்கொண்டே விளக்கியது, வெறும் ஸ்லைடுகளைவிட அதிக நேரம் பார்க்கப்பட்டது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதைக் கேட்டதும் பழைய வகுப்பறைப் பதிவைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்விலேயே அது எடுபடவில்லை; சிறு வீடியோவுக்கென்றே திட்டமிட்டுப் பேசியதுதான் நின்றது. இன்னொன்று: ஆய்வு முக்கியமாக அளந்தது பார்த்த நேரத்தை. பார்த்தவரெல்லாம் படித்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: அசையும் படம் என்றால் கூடுதலாகப் புரியும்.

உண்மை: முடிச்சுப் போடுவது, ஊசி போடுவது போன்ற கைவேலைக்குச் சரி. மற்றபடி, பார்பரா ட்வெர்ஸ்கி குழுவினர் 2002-இல் பழைய ஆய்வுகளைப் புரட்டியபோது, அனிமேஷன் ஜெயித்த இடங்கள் பலவற்றில் அதற்குள் கூடுதல் தகவலும் வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒப்பீடே நியாயமானதல்ல!

நம்பிக்கை: குரல், அதே வரிகள் திரையில், பின்னணி இசை, எல்லாம் சேர்ந்தால் மனதில் பதியும்.

உண்மை: கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகளில் நேர்மாறாகத்தான் வந்தது. ஆனால் காது கேளாதவருக்கும், அந்த மொழி புதிதானவருக்கும் சப்டைட்டில் அவசியம். வேண்டாதவர் அணைத்துக்கொள்ளும்படி வைத்தால் போதும்.

நம்பிக்கை: ஒரு தடவை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. வீடியோவில் விகிதம் சொன்னவர் மறுபடி கேமரா முன் உட்கார வேண்டும். எழுத்தில் வைத்திருந்தவருக்கு நாலு எண்களைத் திருத்தும் வேலைதான். மாணவர் பக்கத்துக் கணக்கும் உண்டு: நொடிக்கு 1 மெகாபிட்டில் ஒரு மணி நேர வீடியோ சுமார் 450 எம்பி, அதே பேச்சு 32 கிலோபிட் ஒலியாக 14 எம்பி சொச்சம். ஆசிரியர் முகம் மட்டுமே தெரியும் பாடமென்றால் ஒலியோடு ஒரு பிடிஎஃப் கொடுத்துவிடலாம்.