ரப்பர் படகு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மளிகைக் கடைக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பல ஆண்டுகள் மணலாகக் கிடந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அதன் பிறகு சுற்று வட்டார வியாபாரிகள் சிலர் பணம் போட்டு, ஆபத்துக் காலத்துக்கு ஒரு மீட்புப் படகு வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசினோம். சரக்கு பார்த்து வாங்குவதில் பழக்கம் உள்ளவன் என்று என்னை அனுப்பினார்கள். புளியும் மிளகாயும் பார்க்கத் தெரிந்தவனுக்குப் படகு பார்க்கத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால் காசிமேட்டில் பைபர் படகு கட்டும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரிடம் கற்றதையும், பிறகு நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

தரகர் காட்டிய படகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு உல்லாச விடுதியில் ஓடியது. அடிப்பகுதி கெட்டியான பைபர். இரு பக்கமும் சுற்றிக் காற்றடைத்த ரப்பர் குழாய். தையல் போட்ட வெள்ளை இருக்கைகள், மேலே நிழற்கூரை, சின்னக் குளிர்பெட்டி, பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன. புதிதில் பாதி விலை என்றார். கூட வந்த ஆம்பூர் நண்பர் தோல் வியாபாரி, இருக்கையைத் தடவிப் பார்த்து, "இது அசல் தோலா?" என்று கேட்டார். காசிமேட்டுக்காரர் சிரித்துவிட்டார். திறந்த படகில் அசல் தோல் போட்டிருந்தால்தான் குற்றம். உப்பும் வெயிலும் சேர்ந்து அதை விறகாக்கிவிடும். கடலுக்கென்று செய்த ரெக்சின்தான் அங்கே சரி. ஒகேனக்கல் பரிசலுக்குப் பழைய நாளில் மாட்டுத் தோல் போர்த்தினார்களே என்றால், அது ஆற்று நீர். வேலை முடிந்ததும் கரையில் கவிழ்த்துக் காயப் போட்டுவிடுவார்கள். அங்கேயும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன.

இந்த வகைப் படகு உருவான கதை வியாபாரிகளுக்கு ருசிக்கும். 1960களில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் அட்லாண்டிக் கல்லூரி என்ற பள்ளியில், டெஸ்மண்ட் ஹோர் என்ற ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி தலைமை ஆசிரியராக இருந்தார். முழு ரப்பர் படகுகளின் அடிப்பாகம் அலையிலும் கரையிலும் கிழிந்து போகவே, அடியை மட்டும் கெட்டியாக வைத்து, மாணவர்களோடு சேர்ந்து மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். அந்தக் காப்புரிமையை அந்நாட்டு உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு வெறும் 1 பவுண்டுக்குக் கொடுத்தார். 1972இல் அந்த நிறுவனம் அட்லாண்டிக் 21 என்ற மீட்புப் படகை ஓட்டத் தொடங்கியது. இன்று கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் வைத்திருப்பவை, பணக்காரர்கள் உல்லாசத்துக்கு வாங்குபவை எல்லாம் அதன் வாரிசுகள். உயிர் காக்கப் பிறந்த சரக்கு, பிறகு அலங்காரச் சரக்கும் ஆயிற்று. வாங்குகிறவன் இரண்டில் எது தன் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்பாகம். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் அடி எவ்வளவு கூர்மை என்று தெரியும். கலப்பைக் கொழு மண்ணைக் கிழிப்பதுபோல் கூரான அடி அலையைக் கிழித்துப் போகும். பின்புறத்தில் 20 முதல் 25 பாகை வரை சாய்வு இருந்தால் முரட்டுக் கடலுக்கு ஆகும். தட்டையான அடி அலைமேல் அறைந்து அறைந்து விழும். உள்ளே இருப்பவர் முதுகெலும்புக்குக் கேடு. ஆனால் கூரான அடிக்கும் விலை உண்டு. நின்றால் ஆடும், அதிக சக்தியுள்ள என்ஜின் கேட்கும், ஆழமான தண்ணீரும் கேட்கும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நின்றால் ஆடுவதைத் தடுக்கத்தான் பக்கக் குழாய்கள். படகு நிற்கும்போது குழாயின் பின்பகுதி தண்ணீரை லேசாகத் தொட வேண்டும். வேகமாக ஓடும்போது தண்ணீரை விட்டு மேலே வர வேண்டும். மிக உயரத்தில் ஒட்டியிருந்தால் அழகாக இருக்கும், ஆள் ஏறினால் சாயும். மிகத் தாழ்ந்திருந்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு எண்ணெயைக் குடிக்கும். ஆகவே தள்ளுவண்டியில் நிற்கும் படகைப் பார்த்து விலை பேசக் கூடாது. தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும்.

குழாய் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நம் கணக்கே போதும். முழுக அமுக்கினால் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். 45 சென்டிமீட்டர் குறுக்களவும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு குழாயில் சுமார் 800 லிட்டர் காற்று நிற்கும். அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் 32. இரு பக்கமும் சேர்த்தால் 64. அதற்காக 64 சிப்பம் ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. அது படகுக்குள் தண்ணீர் நிரம்பினாலும் முழுகாமல் இருப்பதற்கான கையிருப்பு. அந்தக் காற்று ஒரே அறையில் இருந்தால் ஒரு ஆணி போதும். ஆகவே உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்க வேண்டும். எத்தனை காற்று வால்வு இருக்கிறது என்று எண்ணினால் அறை எத்தனை என்று தெரிந்துவிடும். ஒன்றை விற்கிறவர் முன்னாலேயே இறக்கச் சொல்லிப் பாருங்கள், மற்றவை அப்படியே நிற்க வேண்டும்.

காற்று அழுத்தம் கார் டயருக்கு 30 பவுண்டு என்றால் இதற்கு 3 பவுண்டு போதும். வெயிலில் ஏறும், குளிரில் இறங்கும். நாங்கள் மாலையில் எல்லா அறையும் நிரப்பி, இரவு முழுவதும் விடச் சொன்னோம். காலையில் இடது பக்கம் ஒரு அறை மட்டும் தளர்ந்திருந்தது. "ராத்திரி குளிர் சார்" என்றார் தரகர். காசிமேட்டுக்காரர் விடவில்லை. குளிர் என்றால் எல்லா அறையும் ஒரேபோலத் தளர வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்தால் அது ஓட்டை. சோப்பு நுரை தடவினார். தையல் ஓரத்தில் குமிழி வந்தது.

துணி இரண்டு விதம். ஹைபலான் என்று எல்லோரும் சொல்லும் செயற்கை ரப்பர் பூசிய துணி ஒன்று. இதைக் கையால் பசை போட்டு ஒட்டுவார்கள். வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் நன்றாகத் தாங்கும், விலை அதிகம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டூபாண்ட் கம்பெனி 2010இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது வேறு கம்பெனிகளின் சரக்கு அந்தப் பெயரில் ஓடுகிறது. ஆகவே பெயரைக் கேட்டு ஏமாறாமல் துணி எந்தக் கம்பெனி என்று எழுத்தில் கேளுங்கள். மற்றொன்று பி.வி.சி. இது சூட்டில் இணைப்பது, விலை மலிவு. நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும், அல்லது விறைத்து வெடிக்கும். நிழலில் வைத்து எப்போதாவது எடுப்பதானால் பி.வி.சி. தப்பில்லை.

பின்பலகை என்பது என்ஜின் தொங்கும் இடம். பெரும்பாலும் ஒட்டுப்பலகைக்கு மேல் பைபர் மூடியிருப்பார்கள். திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை உளுத்துப் போகும், வெளியே வெள்ளை வண்ணம் பளபளக்கும். தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த சத்தம் ஒரு கையகல இடத்தில் தொப்பென்று விழுந்தது. என்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் தன் எடையைப் போட்டு அமுக்கினார். பலகை மூலையில் மயிரிழை விரிசல் வாய் திறந்தது. வண்ணத்தில் விழுந்த கீறல் என்றார் தரகர். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள என்ஜின், ஓடுகிற அலையில் அந்த மூலையைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

அந்தக் குளிர்பெட்டிக்கும் நிழற்கூரைக்கும் வருவோம். லாரியில் அரிசி மூட்டையைக் கீழேயும் அப்பளக் கட்டை மேலேயும் அடுக்குவோம். மாற்றி அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். படகிலும் அதே நியாயம். உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகு நிமிரும் சக்தியைக் குறைக்கிறது. அதிலும் நகரும் பாரம் பொல்லாதது. பாதி எண்ணெய் உள்ள பீப்பாயை வண்டியில் ஏற்றியவர்களுக்குத் தெரியும், வண்டி திரும்புகிற பக்கத்துக்கு எதிராக எண்ணெய் ஓடித் தள்ளும். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்த இரண்டு அடுக்கு ஜலகன்யகா புதுப் படகுதான். விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். 45 பேர் போனார்கள். 2023 மே 7ஆம் தேதி கேரளத் தானூரில் 22 பேர் இறந்தது, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றியதால். இரண்டு இடத்திலும் புயலும் இல்லை, பெரிய அலையும் இல்லை.

ஒழுங்காகக் கட்டிய படகில் ஒரு தகடு அடித்திருக்கும்: எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரைசக்தி வரை என்று. ஒரு ஆளுக்கு 75 கிலோ என்பது உலகக் கணக்கு. எட்டுப் பேர் 600 கிலோ, 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 75 கிலோ, பிறகுதான் சாமான். ஐரோப்பிய முத்திரை இருந்தால் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இருக்கும். பி என்றால் 4 மீட்டர் அலை வரை, சி என்றால் 2 மீட்டர் வரை, டி என்பது ஒதுக்கமான நீர்நிலைக்கு மட்டும். ஒரே படகுக்கு 'சி'யில் பத்துப் பேர், 'பி'யில் ஆறு பேர் என்று இரண்டு கணக்கு இருப்பதும் உண்டு. தரகர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். நாங்கள் பார்த்த படகில் தகடு இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டை மட்டும் இருந்தது. உள்நாட்டு நீரில் ஓட்டும் என்ஜின் படகுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் ஆய்வுச் சான்றும் வேண்டும்; அதையும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு சோதனை, செலவில்லாதவை. தளத்தில் நான்கு வாளி தண்ணீர் கொட்டுங்கள். படகு ஓடும்போது பின் துவாரங்கள் வழியாகத் தானே வடிய வேண்டும். ஓட்டுநரின் காலில் மாட்டும் சிவப்புக் கயிற்றை ஓட்டத்தில் இழுக்கச் சொல்லுங்கள். உடனே என்ஜின் நிற்க வேண்டும். ஆள் தவறி விழுந்தால் ஆளில்லாப் படகு சுற்றி வந்து விழுந்தவர் மேலேயே ஏறும், அதைத் தடுக்கத்தான் அந்தக் கயிறு.

படகை வாங்காமல் திரும்பினோம். பார்க்குமுன்பே கொடுத்த முன்பணம் 10,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

திரும்பும் வழியில் காசிமேட்டுக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க ஊர்ல கடல் எங்க இருக்கு?" முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கூரான அடி கடலுக்கு. தெருவில் இடுப்பளவு ஓடும் வெள்ளத்தில் அது தரை தட்டும், மூழ்கிக் கிடக்கும் ஸ்கூட்டரும் வேலிக்கம்பியும் பட்டு நிற்கும். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் ஆட்களை ஏற்றி வந்தவை மீனவர்களின் பைபர் படகுகளும் மீட்புப் படையின் தட்டை அடி ரப்பர் படகுகளும்தான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்திலேயே இருக்கிறது. தளப்பலகையைக் கழற்றிக் காற்றை இறக்கினால் மடித்து வேனில் போட்டுக்கொள்ளலாம். நான்கு பேர் தூக்கலாம். நம் தேவைக்கு அந்த வகைதான் பொருந்தும். விலையும் அந்த உல்லாசப் படகில் சிறு பங்குதான்.

வாங்கினால் எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. என் கிடங்கில் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தானியக் கிடங்கில் எலி உண்டு. மடித்த ரப்பரை ஒரே இரவில் கடித்துவிடும். தகரப் பெட்டி செய்ய வேண்டும், எண்ணெய் டின் பக்கம் வைக்கக் கூடாது, மாதம் ஒருமுறை காற்றடித்து என்ஜினை ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பெட்டிக்கு நான் பணம் தருகிறேன். மாதம் ஒருமுறை வந்து ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொள்ளும் இரண்டு இளைஞர்களின் பெயரை அடுத்த கூட்டத்துக்குள் யாராவது சொன்னால், படகு விலை விசாரிக்க நானே மறுபடி போகிறேன்.