அழாதவர்தான் நல்ல ஆசிரியரா?

பி.எட். படிக்கும் பிள்ளைகள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் நாட்களில் அவர்களுக்கு அறிவுரை குறைவில்லாமல் கிடைக்கிறது. அதில் சில, நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் தவறானவை.

நம்பிக்கை: முகத்தில் எதையும் காட்டாதவரே உணர்ச்சி நுண்ணறிவு உள்ளவர்.

உளவியலாளர்கள் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் 1990இல் உணர்ச்சி நுண்ணறிவை வரையறுத்தபோது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொண்டு, இது இன்னது என்று பிரித்தறிந்து, அதற்கேற்ப யோசித்துச் செயல்படும் திறன் என்றார்கள். ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. உணர்ச்சியை முகத்தில் வராமல் அடக்கியவர்களுக்கு உடலுக்குள் படபடப்பு கூடியதையும், அந்த நேரத்தில் கேட்டது நினைவில் குறைவாகவே தங்கியதையும் ஜேம்ஸ் கிராஸ் போன்ற உளவியலாளர்களின் சோதனைகள் காட்டின.

வகுப்பில் இது எப்படி நடக்கும்? ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் சிரிக்கிறான். பயிற்சி ஆசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. உண்மையில் அது பயம். பின்னால் வழிகாட்டி ஆசிரியர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். 'எனக்கு இப்போது பயமாக இருக்கிறது' என்று அவளுக்கே தெரிந்துவிட்டால், அந்தப் பையன் திட்டு வாங்காமல் தப்பிப்பான். பாடமும் நிற்காது.

நம்பிக்கை: அதெல்லாம் பிறவிக் குணம்.

பழகினால் வளரும். நுண்ணிலைக் கற்பித்தலில் வினாக் கேட்பதையும், பாடம் தொடங்குவதையும், கரும்பலகையில் எழுதுவதையும் தனித்தனித் திறன்களாகப் பிரித்துச் சில நிமிடப் பாடங்களில் பழக்குகிறோம். வகுப்பு கைமீறும்போது என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஏன் ஒத்திகை இல்லை?

நம்பிக்கை: வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் உணர்ச்சி நுண்ணறிவுதான்.

டேனியல் கோல்மன் இது பற்றி 1995இல் எழுதிய நூலைத் தவறாகப் படித்ததால் பரவிய கணக்கு. அறிவுத்திறன் ஈவின் பங்கு சுமார் 20 சதவீதம், மிச்சம் மற்ற காரணங்கள் என்றுதான் அவர் சொன்னார். அந்த மிச்சத்தில் குடும்ப வசதியும் அடக்கம், அதிர்ஷ்டமும் அடக்கம்.

நம்பிக்கை: மனசு திடமாக இருந்தால் பளு தெரியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பேச்சு இது. 2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியோடு பிணைந்தது. பகலெல்லாம் வகுப்பு, இரவு பாடக்குறிப்பு, சார்ட், ரெக்கார்டு. இதற்கு நடுவே செய்முறைத் தேர்வுப் பயம், அதைத் தாண்டினால் தகுதித் தேர்வு. இரவு ஒரு மணிக்கு சார்ட்டுக்கு வண்ணம் தீட்டிவிட்டு, காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பவளுக்கு வேண்டியது தூக்கம். அவளுக்கு மனத்திடம் பற்றி உரையாற்றுவது நியாயமல்ல. குறைக்க வேண்டியது எழுத்து வேலை. அதைக் குறைப்பது கல்லூரியின் பொறுப்பு. சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தினாலே பாதி இரவு மிச்சமாகும்.

தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

வழிகாட்டி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் ரெக்கார்டைக் கேட்பதற்கு முன், "சாப்பிட்டியாம்மா? கிளாஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள்.