கடலில் தவறி விழும் படகுத் தொழிலாளரை மீட்டல்

படகு கவிழும் விபத்து நாடறியும் செய்தியாகிறது. வலை இழுக்கும்போது ஒரு தொழிலாளி மட்டும் நீரில் விழுந்து மறைந்தால், அச்செய்தி பெரும்பாலும் அவருடைய ஊரோடு நின்றுவிடுகிறது. 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நீர்ப்போக்குவரத்து விபத்துகளில் மாண்டோர் இவ்வகைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பது கருதத்தக்கது.

மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் செல்லும் விசைப்படகு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 250 மீட்டர் விலகிவிடும். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை அத்தொலைவில் தென்படுவது அரிது. ஆகவே விழுந்ததைக் கண்டவர் குரல் கொடுத்து, மிதவையை எறிந்து, விழுந்தவரைக் கையால் சுட்டியவாறே இருத்தல் வேண்டும். அவருக்கு வேறு பணி கூடாது. படகோட்டி, தொழிலாளி விழுந்த பக்கமாகவே சுக்கானைத் திருப்புவார். அப்போதுதான் சுழல்விசிறியுள்ள பின்பகுதி அவரிடமிருந்து விலகும். பதற்றத்தில் பலர் இதற்கு மாறாகச் செய்துவிடுவர்.

இரவில் விழுந்த நேரம் தெரியாதபோது 'வில்லியம்சன் திருப்பம்' உதவும். படகை முதலில் ஒரு பக்கம் 60 பாகை திருப்பி, பின் எதிர்ப்பக்கம் முழுமையாகத் திருப்பினால் அது வந்த வழியிலேயே மீளும்.

இழுவலை நீரில் இருந்தால் படகு எளிதில் திரும்பாது. வலையைக் கைவிடுவதா என்ற தயக்கம் அங்கே எழுகிறது. வலையின் விலை சிறியதன்று. எனவே அதற்கான அனுமதியைக் கரையிலேயே உரிமையாளர் வழங்கியிருத்தல் நலம்.

நெடுநேரம் மிதந்தவரை இயன்றவரை கிடைநிலையில் தூக்க வேண்டும். நிமிர்த்தித் தூக்கினால், உடலைச் சூழ்ந்திருந்த நீரழுத்தம் நீங்கி இரத்த அழுத்தம் திடீரெனக் குறையக்கூடும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றும் பழக்கம் தவறானது, நேரமும் வீணாகும்.

படகினரால் இயலாதபோது, 1977-இல் தோன்றிய இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆழ்கடலில் கைப்பேசி பயன்படாது. 2017-இல் ஒக்கி புயலின்போது தொலைவிலிருந்த மீனவரை எச்சரிக்கை எட்டாமற்போனது இதனாலேயே. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி துணைக்கோள் வழியாக இயங்குகிறது. முதற்கருவியில் செய்தி சேர்ந்ததா என்று மீனவர் அறிய வழியில்லை. இரண்டாம் தலைமுறைக் கருவியில் மறுமொழியும் வருகிறது.